நூற்று இருபத்தேழாம் பிரிவின் அக்டோபர்

அன்று திங்கட்கிழமை. மைதானத்தில் ஆட்டம் எதுவும் இல்லை. பெர்னடீன் சோப்சாக் சீருடைக் கோட்டோடு அலுவலகத்துக்குள் வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். முந்தைய நாள்தான் எங்கள் பேஸ்பால் அணி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, கோப்பைக்காக அக்டோபரில் நடக்கும் பிளே ஆஃப் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றிருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், கண்ணு?"

"எதுக்குங்க?"

"எதுக்கா? ஆட்டத்துக்கு! நூத்தி இருபத்தேழாம் பிரிவு என்னுதுதானே? வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டீங்களா?"

"நாளைக்கு ஆட்டம் இங்க இல்ல. அவங்க ஊர்ல."

"சரி, நாளன்னிக்கு வரேன்."

"அதுவும் அங்கதான்."

"மூணாவது?"

"மூணுமே அங்கதான். முதல் சுத்து முழுக்க, வரிசையில மேல இருக்கற அணியோட மைதானத்துலதான் நடக்கும். இப்ப விதி அப்படி."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்புறம் நாம எதுக்குத் தகுதி பெற்றோம்?"

"ஜெயிச்சா அடுத்த சுத்து இங்க வரும்."

"ஜெயிச்சா! நூத்தி அறுபத்திரண்டு ஆட்டம் ஆடி வந்தவனைப் பார்த்து, இன்னும் ஒரு சுத்து ஜெயிச்சாத்தான் உன் வீட்டுக்குப் போக விடுவேன்னா என்ன நியாயம்? இதை யோசிச்சவன் ஒரு நாளாவது படிக்கட்டுல நின்னிருப்பானா?"

அந்த விதி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் எங்கள் அணி பிளே ஆஃப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காததால் எங்களில் பலருக்கு அது உறைக்கவே இல்லை.

பெர்னடீன் வேலைக்குச் சேர்ந்தது, அணி கடைசியாகத் தகுதி பெற்றதற்கு அடுத்த வருடம். காலையிலும் மதியத்திலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். மாலையில் மைதானத்துக்கு வந்து, டிக்கெட்டைப் பார்த்து ஆட்களை இருக்கைக்கு அழைத்துப் போவார். இருபத்தாறு கோடைகள். அவருடைய பிரிவில் இரண்டு சட்டங்கள் உண்டு. யாரும் உட்காரும் முன் இருக்கையை மஞ்சள் துணியால் துடைக்க வேண்டும், மழை பெய்திருந்தாலும் பெய்யாவிட்டாலும். மட்டை பிடித்து ஒருவன் நிற்கும்போது யாரும் படி இறங்கக் கூடாது. அவன் அடித்தோ அவுட் ஆகியோ முடியும்வரை மேல் படியில் காத்திருக்க வேண்டும். இரண்டாவது எல்லா மைதானங்களிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் பெர்னடீன் கையைக் குறுக்கே நீட்டினால் மேயரும் நிற்பார். சூடான சாசேஜ் ரொட்டியோடு நின்ற ஒருவர், "ஆறுதுங்க" என்று கெஞ்சியதைக் கேட்டிருக்கிறேன். "அவன் மூணு மாசமா ஒரு ஹோம் ரன் அடிக்கல. நீ மூணு நிமிஷம் நிக்க மாட்டியா?" என்றார் பெர்னடீன்.

மாற்றம் என்றாலே முகம் சுளிப்பவர் அல்ல அவர். பந்து வீசுபவர் இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்று கடிகாரம் வைத்தபோது வயதான ரசிகர்கள் புலம்பினார்கள். "எனக்குச் சந்தோஷம்தான். என் முழங்கால் அரை மணி முன்னாடியே வீட்டுக்குப் போகுது" என்றார். ஆட்டம் சமனாகிக் கூடுதல் இன்னிங்ஸ் ஆடும்போது, பந்தை அடித்து ஓடாத ஓர் ஆளைச் சும்மா இரண்டாவது பேஸில், பாதி வழியில், நிறுத்துவது மட்டும் பிடிக்காது. "அவன் என்ன பண்ணி அங்க போனான்? அவங்க மாமா அனுப்பினாரா?"

அந்தத் திங்கட்கிழமை அவர் ஒரு யோசனையோடுதான் எழுந்து போனார். முதல் ஆட்டத்தைக் கீழே இருக்கும் அணியின் ஊரில் வைக்கட்டும். மற்ற இரண்டையும் மேலே இருப்பவர்களே வைத்துக்கொள்ளட்டும். "ஒண்ணே ஒண்ணு. அதுல தோத்தாலும் பரவால்ல. நம்ம ஊர்ல தோக்கட்டும்."

அந்த வாரம், போட்டிகளை நடத்தும் லீக், அடுத்த ஆண்டு மாற்றங்கள் பற்றி ரசிகர்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. ரசிகர்களின் கடிதங்களுக்கும் தொலைபேசிக்கும் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பதில் சொல்வது என் வேலை என்பதால், அவர் சார்பில் அந்தக் கேள்வித்தாளை நானே நிரப்பினேன். தொப்பியின் நிறம், இடைவேளைப் பாட்டின் சத்தம், பிளே ஆஃபில் இன்னும் இரண்டு அணிகளைச் சேர்க்கலாமா என்று இருபத்திரண்டு கேள்விகள். ஆட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று ஒன்றுகூட இல்லை. கடைசியில் 'பிற' என்று ஒரு சின்னப் பெட்டி. அவர் சொன்னதை வெட்டி வெட்டி அதில் அடைத்தேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. நன்றி சொல்லி, தொப்பிக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்திருந்தார்கள்.

"தொப்பி என்கிட்ட பதினொண்ணு இருக்கு" என்றார் பெர்னடீன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் மைதானத்தின் கதவைத் திறந்தோம், விளையாட அல்ல. விளம்பரப் பிரிவின் தலைவர் கைல் ஹெண்ட்ரீ, வாசலில் 'அக்டோபர் எல்லோருக்கும்' என்று பெரிய பதாகை கட்டி, பெரிய திரையில் ஆட்டத்தைக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். மதியம் இரண்டு மணி. ஏரியிலிருந்து குளிர்காற்று. எட்டாயிரம் பேர் வந்தார்கள். புல்வெளியில் ஒருவருமில்லை.

பெர்னடீன் ஒவ்வோர் இருக்கையாகத் துடைத்தார். பிறகு மேல் படியில் நின்று கையைக் குறுக்கே நீட்டினார்.

கையில் பீர் கோப்பைகளோடு நின்ற இளைஞன் ஒருவன் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னம்மா இது? ஐந்நூறு மைல் தள்ளி ஆடறவனுக்கு நான் மறைக்கப் போறேனா?"

"ஒருத்தன் மட்டை பிடிச்சு நிக்கறான். முடியட்டும்."

"அவனுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்."

அவன் பின்னால் பதினைந்து பேர் சேர்ந்தார்கள். சிரித்தார்கள், ஆனால் நின்றார்கள். பேட்டர் அவுட் ஆனதும் அவர் கையை எடுத்தார். ஒருத்தி அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் அந்தப் படம் கைலுக்கு வந்துவிட்டது. படியில் ஓடி வந்தார். "பெர்னி, நீங்க ஊரையே கலக்கிட்டீங்க! அணியோட இணையப் பக்கத்துல போட்டுடலாமா?"

"வேணாம்."

"ஏன்? அவ்ளோ அழகா இருக்கு, எல்லாரும் சிரிக்கறாங்க!"

"அது சிரிக்கறதுக்கில்ல. அது என் வேலை."

கைல் சங்கடமாக என்னைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார். கீழே 'அக்டோபர் எல்லோருக்கும்' என்ற வாசகமும் இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார். அதற்குள் அது மற்ற அணிகளின் ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்து, 'பாவம், இவர்களுக்கு மைதானம் இருக்கிறது, ஆட்டம்தான் இல்லை' என்ற கேலியோடு திரும்பி வந்தது. அன்று ஐந்துக்கு இரண்டு என்று தோற்றோம். புதன்கிழமை ஒன்பதுக்குப் பூஜ்யம். மூன்றில் இரண்டு போய்விட்டதால் மூன்றாவது ஆட்டம் தேவைப்படவே இல்லை. இரண்டு நாளும் கடைசி ஆள் எழுந்து போகும்வரை பெர்னடீன் தன் படியை விட்டு நகரவில்லை.

நவம்பர் நடுவில் சீருடைக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். முழங்காலில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். படிக்கட்டு வேலை இனிமேல் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் லீக் அடுத்த ஆண்டு மாற்றங்களை வெளியிட்டது. புதிய தொப்பி இருந்தது. முதல் சுற்று அப்படியே இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"எப்பவாவது இங்க அக்டோபர் ஆட்டம் வந்தா உங்களுக்கு முதல் வரிசையில டிக்கெட் எடுத்து வைக்கறேன்" என்றேன்.

"டிக்கெட்டா? உட்கார்ந்து பாக்க வீட்ல டிவி இருக்கு, கண்ணு." கோட்டை மடித்து என் மேசையில் வைத்தார். கை அதன் மேலேயே இருந்தது. "அப்படி ஒரு நாள் வந்தா, அந்த ஒரு நாளைக்கு மட்டும் வேலைப் பட்டியல்ல என் பேரை எழுது. கீழ இறங்க மாட்டேன், மேல் படியிலேயே நிக்கறேன். நிக்க முடியும் எனக்கு. எழுதுவியா?"