நாற்பது நிமிடம் முன்னதாக

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய மனிதருக்கு அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார வராது. டிப்போவில் எல்லோரும் அவரைக் 'கடிகாரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற மறுமாதமே அந்தக் கடிகாரத்தை அவர் மனைவி தனியாக விமானத்தில் ஏற்றிவிட்டாள். இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர், மூன்று மணி பத்து நிமிடம். பஸ்ஸில் இதே தூரத்துக்கு இரண்டு நாள் ஆகும், அதுவும் டயர் ஒத்துழைத்தால்.

அந்தக் கோடியில் இருந்தது ஒரே மகள். ஆறு வருடத்துக்கு முன், தனக்குப் பிடித்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றவளின் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. வேண்டுமென்றே அன்றைக்கு டியூட்டி கேட்டு வாங்கி ஓட்டினார். அத்தோடு பேச்சு நின்றது. இப்போது அம்மா நச்சரித்ததில் மகள் போனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "வரட்டும்." அதில் இருப்பது பாசமா வேண்டாவெறுப்பா என்று இரண்டு வாரமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் லாரியைக்கூட அப்படித்தானே சொல்கிறோம்.

விமானத்தில் அவர் கால் சும்மா இருக்கவில்லை. குலுங்கும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தார். முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பி முறைத்தார். இன்னும் எவ்வளவு தூரம் என்று பணிப்பெண்ணிடம் மூன்றாவது தடவை கேட்டபோது, அவள் எதிரே இருந்த திரையில் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அது இன்னும் மோசம். அதிலிருந்த விமானப் பொம்மை நகருவேனா என்றது. மன்னிப்புக் கேட்டால் மகள் அழுவாளோ, கேட்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ?

பின்காற்று தள்ளியதில் நாற்பது நிமிடம் முன்னதாகவே இறக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் தாமதமாகப் போனால் நாலு பேர் திட்டுவார்கள், அவ்வளவுதான். முன்னதாகப் போனால் நேரத்துக்கு வந்தவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள்.

வெளியே மகள் இல்லை. அவள் எண்கூட அவரிடம் இல்லை. தூணிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து தூணுக்கும் நடந்தார். சீக்கிரம் வந்தது நாம்தான் என்று புத்திக்குத் தெரிந்தது, மனசு கேட்கவில்லை. வரமாட்டாள் என்று தானாகவே முடிவு கட்டி, டிக்கெட் கவுண்டரில் போய், திரும்பிப் போக விமானம் எப்போது என்று விசாரித்தார்.

"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?"

மகள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நின்றாள். டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"நீ வரமாட்டேன்னு நெனச்சுட்டேம்மா."

"என் கல்யாணத்தன்னைக்கு நீங்க வருவீங்கன்னு சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே நின்னேன்ப்பா. உங்களால அரை மணி நேரம்கூட நிக்க முடியல."

கவுண்டர்க்காரர் கணினியிலிருந்து தலை நிமிர்ந்து, எட்டு மணி விமானத்தில் இடம் இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றாள் மகள். "இவர் ஒரு மாசம் இருப்பார்."