வேலாயுதம் அண்ணனின் கொக்கிக் கம்பு

பொகவந்தலாவையில் ஒரு கல்யாண வீட்டில் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். ஹட்டனிலிருந்து வந்த பஸ்காரர் என்னைத் தேடி வந்து, "ஒங்க பக்கத்துக் கடை மொதலாளி தவறிட்டாருங்க" என்றார். அப்புறம் யாருக்கு அளவெடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

மளிகைக் கடை வேலாயுதம் அண்ணனை ஹட்டன் கடைவீதியில் அறியாதவர் யார்? காலையில் சாமி கும்பிட்டுவிட்டுக் கல்லாப் பெட்டியடியில் உட்கார்ந்தால் கடை பூட்டும்வரை அசையமாட்டார். மேல்தட்டுச் சாமான்களை எடுக்க மூங்கில் நுனியில் கம்பியை வளைத்து ஒரு கொக்கிக் கம்பு வைத்திருந்தார். உட்கார்ந்தபடியே புகையிலைக் கட்டை இழுத்து மடியில் விழவைப்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. "எங்கப்பா மூட்டை சொமந்து நின்னே தேஞ்சாரு. நான் ஒக்காந்து சம்பாதிக்கிறேன் தம்பி" என்பார்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. மணிக்கணக்காய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் இரத்தம் தேங்கிக் கட்டிவிடும், அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

மறுநாளே அவர் மனைவி மீனாட்சி அண்ணி கடையையே மாற்றிவிட்டார். புகையிலை ஒரு கோடிக்கும் மண்ணெண்ணெய் மறு கோடிக்கும் போயின. கொக்கிக் கம்பு என் தையல் கடைக்கு வந்தது. அதை ஒளித்து வைத்ததற்காக அண்ணன் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். வீக்கம் வற்றியது. ஒரு சாயங்காலம் அவரே வந்து என்னை ஸ்டேஷன் வரை நடக்க அழைத்தார். "இப்பத்தான் தம்பி, கால் என்னோடது மாதிரி இருக்கு" என்றார்.

அவர் எழுந்து எழுந்து நடப்பதை, சாமான் வாங்க வரும் தேயிலைத் தோட்டத்துச் சனங்களால்தான் தாங்க முடியவில்லை. "நீங்க ஒக்காருங்க மொதலாளி, நாங்க எடுத்துக்கிறோம்" என்று சாமான்களை அவர்களே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தோட்டத்துத் துரைமார் முன்னால் நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு, பிரியமான ஒருவரை உட்காரவைப்பதைவிடப் பெரிய மரியாதை தெரியவில்லை. அண்ணனுக்கும் மறுக்க மனம் வரவில்லை. எனக்குக் கோபம் வருகிறது. யாரைக் கோபித்துக்கொள்வது?

சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு. விடிந்ததிலிருந்து கடையில் கூட்டம். அன்று அவரை ஒருவரும் எழவிடவில்லை. பொழுது சாய்ந்து விளக்கேற்ற எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம்.

நான் போனபோது தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வந்த சனங்களெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்தபடி ஒருவர் எனக்குப் பெஞ்சை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்கண்ணே" என்றார். உள்ளேயிருந்து அண்ணி சொன்னார்: "யாரையும் ஒக்காரச் சொல்லாதீங்கப்பா."

அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கொக்கிக் கம்பு ஒன்றுதான். அதைத் தொடுவதில்லை. நூல்கண்டுகளை, மெஷினில் உட்கார்ந்தால் கைக்கு எட்டாத தட்டில் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் "நீங்க இருங்க, நாங்க எடுத்துத் தர்றோம்" என்கிறார்கள். அவர்கள் கை நீளும் முன்னே எழுந்துவிடுகிறேன்.