"இதுல எனக்கு எந்தப் படம், பாப்பா?"

இரண்டு வருடங்களுக்கு முன், ஓசூரில் நடந்தது இது. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. "ரிப்போர்ட் நார்மல்" என்று டாக்டர் சொன்ன அன்று அண்ணி தெருவுக்கே கேசரி கொடுத்தார். அண்ணன் மறுபடி ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்தார். நான் மட்டும் என் பங்குக் கேசரியைத் தொடாமல் வைத்துவிட்டேன்.

காரணம் என் வேலை. தினமும் கர்நாடக எல்லை தாண்டிப் போய், ஓர் ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களைக் கணக்காக மாற்றி கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பவள் நான். ஒரு செல்லில் நடக்கும் மாற்றம் ரத்தத்தில் எப்படிப் பெருகும், உடம்பை என்ன செய்யும் என்று பார்ப்போம். மருந்துக்கு அடங்காத செல் ஒன்று ஒளிந்திருந்தாலே போதும், நோய் திரும்பி வரலாம் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணன் என் முகத்திலேயே படித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"என்னோட கணக்கப் போட்டுக் காட்டு, பாப்பா."

"இது நெறைய பேரோட ரத்தத்த வச்சுச் செஞ்சதுண்ணா. ஒரு ஆளுக்கு என்ன ஆவும்னு சொல்லாது."

"பரவால்ல, காட்டு."

காட்டினேன். சிவப்புப் புள்ளிகள்தான் மருந்துக்கு அடங்காத செல்கள். முதல் முறை அவை தானாகவே மறைந்துபோயின. அதே எண்களை மறுபடி ஓட்டினேன். சிவப்பு மெல்லப் பரவித் திரையையே மூடியது. ஒரு செல் பிரிவதும் மடிவதும் அந்தக் கணத்து அதிர்ஷ்டம். ஒவ்வொரு ஓட்டத்திலும் முடிவு மாறும்.

"இதுல எனக்கு எந்தப் படம், பாப்பா?"

"தெரியலண்ணா." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் அழவில்லை. "எல்லாரும் செரியாப் போச்சுங்கறாங்க. நீ ஒருத்திதான் தெரியலங்கற. அப்ப சும்மா இருக்கக் கூடாது" என்று எழுந்தார்.

ஓவர்டைமை விட்டார். அடுத்த வாரமே, தனியாக பஸ் ஏறக்கூடத் தயங்கும் அண்ணிக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். கெலவரப்பள்ளி அணைச் சாலையில் பின்னால் உட்கார்ந்து கத்துவார்: "பிரேக்க வுடு! பயப்படாத, நான் இருக்கறன்ல!" தெரிந்தவர்களிடம் சொல்லி அண்ணிக்கு ஒரு கம்பெனியில் வேலையும் வாங்கினார்.

மழைக்காலத்தில் நோய் திரும்பியது. புது மருந்தும் கேட்கவில்லை. பொங்கலுக்கு முன்பே அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்து, அண்ணி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் வாசலில் நின்று கேட்டார்: "அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

"யாருக்குமே தெரியாது, அண்ணி" என்றேன்.

அன்று அண்ணனிடம் அப்படி உடைத்துச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் 'சரியாகிவிடும்' என்று நானும் சொல்லியிருந்தால், கையில் இருந்த அந்தக் கொஞ்ச மாதங்களையும் அவர் மெஷின் முன்னால்தான் நின்று கழித்திருப்பார்.