அங்கப்பன் மச்சானின் கொள்ளு

என் அக்கா மாரியாத்தாளைக் கட்டிய அங்கப்பன் மச்சான் கோபிசெட்டிபாளையத்துத் தோப்புகளில் தென்னை மரம் ஏறுபவர். தளைக்கயிற்றைக் காலில் மாட்டிவிட்டால் அணில்தான். கறி என்றால் அவருக்கு உயிர். கோயில் நோம்பி விருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு எலும்புதான் மிஞ்சும்.

அந்த மனிதர் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கறியை விட்டார். மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கெடாவை வளர்த்தவரே அவர்தான். வெட்டப்போகும் நேரத்திலும் அது அவர் கையிலிருந்த அகத்திக்கீரையை மென்றுகொண்டிருந்தது. அன்று இலையை விட்டு எழுந்து போனவர், திரும்பக் கறிக்கு உட்காரவில்லை. அடுத்த வருஷம் கோழி போயிற்று, பிறகு கருவாடு, கடைசியில் முட்டையும். வீட்டு எருமையின் பால் முழுக்கச் சொசைட்டிக்கு. மோரைக்கூட அவர் தொடுவதில்லை.

"ஏனுங்க மச்சான், அடுத்தது புல்லுங்களா?" என்று சீண்டுவேன். சிரித்துக்கொள்வார்.

அக்காவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் அப்பாவும் மரமேறிதான். மரத்திலிருந்து விழுந்துதான் செத்தார். புருஷன் உடம்பில் தெம்பு குறைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கறிக்குப் பதிலாகத் தினமும் கொள்ளு வேகவைத்தாள்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் மச்சான் பாதி மரத்தில் நின்றுவிட்டார். தொடை நடுங்குகிறது, ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு வழுக்கி வழுக்கி இறங்கினார். நெஞ்செல்லாம் சிராய்ப்பு.

"பயறு, பருப்பெல்லாம் சாப்பிடறாரா?" என்று கேட்டார் டாக்டர்.

"தெனமும் கொள்ளுங்க" என்றாள் அக்கா.

அப்படியானால் சத்துக்குக் குறைவில்லையே என்று அவரும் குழம்பிப்போய் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வெடித்தாள். "ஞாயித்துக்கெழம ஆட்டுக்கால் சாறு வெக்கறேன். குடிச்சாத்தான் கயிறு."

"வேண்டாம் அம்மணி. கயிறை நீயே வெச்சுக்க" என்றார் மச்சான். வேறு பிழைப்பு தெரியாத மனிதர் சொல்கிற பேச்சா அது!

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஆட்டுக்கால் வரவில்லை, வழக்கமான கொள்ளு ரசம்தான். கொள்ளு வெந்த தண்ணீரை அக்கா வடித்து, சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுத் தாளித்தாள். வெந்த கொள்ளை வாளியில் கொட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கேக்கா கொண்டு போறீங்க?"

"எருமைக்குடா. சத்தெல்லாம் தண்ணியில எறங்கிருச்சு. இது சக்கைதானே? நம்ம அம்மாவும் இப்படித்தானே வெப்பா."

அம்மா வைத்தாள்தான். ஆனால் அந்த ரசத்துக்குப் பக்கத்தில் கறியோ கருவாடோ இருந்தது. கட்டுத்தறியில் எருமையைப் பார்த்தேன். எண்ணெய் தடவினதுபோல் மினுமினுவென்று நின்றது சனியன்.

"ஏனக்கா, எருமைக்குக் கொள்ளு, மச்சானுக்குத் தண்ணியா?" என்று வாளியைப் பிடுங்கினேன்.

அவள் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அய்யோ, நானே அவரைக் கொன்னுபோட்டிருப்பனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொள்ளைக் கடைந்து சோற்றில் போட்டாள். காலையில் பச்சைப்பயறு, தோப்புக்கு வறுத்த நிலக்கடலை, சாயங்காலம் தட்டப்பயறு. அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பைக் கூட்டினாள். முதல் வாரம் மச்சான் வயிறு போட்ட சத்தத்தில் நாங்கள் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. போகப்போகச் சரியாயிற்று, தைக்குள் முகமும் தெளிந்தது. மாசியில் அக்காவே கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். கூடவே தோப்புக்கும் வந்தாள்.

மச்சான் ஏற ஏற, அவள் அண்ணாந்து பார்க்கவே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் மரத்தில் அழுத்திக் கண்ணை மூடி நின்றாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"என்னக்கா பண்றீங்க?"

"பேசாதடா. அவுரு காலு நடுங்குனா மரத்துல தெரியும்."

நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். உச்சியில் மட்டை சரசரத்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"நடுங்கலடா" என்றாள். அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"ஏய் அம்மணி, தள்ளிப் போய் உக்காரு, குலையை வெட்டோணும்!" என்று மேலேயிருந்து மச்சான் கத்திக்கொண்டிருந்தார்.