சண்டைக்காரக்கா பாதியில் நிறுத்திய கதை

நேற்று கம்பெனியில் ஒரு கத்து கத்திவிட்டேன். திருப்பூர் நல்லூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் துணியின் தரம் பார்ப்பதுதான் இப்போது எனக்கு வேலை. எங்களிடம் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய சாம்பிள் டீஷர்ட், ஒரே ஒரு உருப்படி, மேசையில் கிடந்தது. புதிதாகச் சேர்ந்த செக்கிங்காரர் பழக்க தோஷத்தில் அதன்மேல் கட்டரை வைத்துவிட்டார். அந்தக் கட்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக இருக்கும். துணியின்மேல் வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் அப்பளம்போல் ஒரு வட்டம் கழன்று வரும். அதை எடை போட்டால் துணியின் கனம் தெரியும். அதைத்தான் ஜிஎஸ்எம் என்பார்கள். திருப்பூரில் துணி கையில் கிடைத்தால் முதலில் இதைத்தான் செய்வோம்.

"வெட்டாதீங்க!"

தையல் மெஷின்களெல்லாம் ஒரு நொடி நின்றன. "ஒரு டீஷர்ட்டுக்கா சார் இந்தச் சத்தம்? பிபி மாத்திரை போட்டீங்களா?" என்று அயர்ன் மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் நான் கத்தியது அந்த டீஷர்ட்டுக்காக இல்லை.

படித்து முடித்ததும் எனக்கு முதல் வேலை கிடைத்தது ஒரு சின்ன வானொலி நிலையத்தில். அதை ஒரு கல்லூரி நடத்தியது. பல்லடம் பக்கம்வரை இழுத்துப் பிடித்தால் கேட்கும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை, அம்மாவுக்குப் பனியன் மடித்து அடுக்கும் கைமடி வேலை. அம்மா தெருவெல்லாம் "எம்பையன் ரேடியோவுல பேசறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் நான் பேசியது ஒரே ஒரு நாள், வானிலை. "தம்பி, மைக்கைப் பாத்தா உங்க குரல் ஓடி ஒளியுது" என்று எடிட்டிங் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கேதான் வாசுகி அக்காவின் குரல் எனக்குப் பழக்கமானது. ஆளைவிடக் குரல்தான் முதலில். அக்கா ராணுவ வரலாறு படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். புதன்கிழமை காலை டீ நேரத்தில் போர்களைப் பற்றிப் பேசுவார். "டீ ஆறறதுக்குள்ள சொல்லிப்போடறேனுங்க" என்றுதான் தொடங்குவார். ஸ்பீக்கர் வைத்த கம்பெனிகளில் எல்லாம் அந்த நேரம் அவர் குரல்தான். ஊரில் அவருக்குப் பெயரே சண்டைக்காரக்கா.

அனுப்பர்பாளையத்தில் பிறந்தவர். அப்பாவுக்குச் சின்ன நிட்டிங் யூனிட். சுற்றிலும் பாத்திரப் பட்டறைகள். "பொழுதன்னிக்கும் டங்கு டங்குன்னு அடி. அதுல வளந்தவளுக்கு பீரங்கியெல்லாம் ஒரு சத்தமா?" என்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் விளையாடிய சாமான் இந்தக் கட்டர்தான். மற்ற பிள்ளைகள் சோப்புத் தண்ணீரில் குமிழி விட்டபோது அவர் வேஸ்ட் துணியில் வட்டம் வெட்டியிருக்கிறார்.

கருத்தரங்குகளில் அவரைக் கிண்டல் செய்வார்களாம். ஒரு பேராசிரியர் மேடையிலேயே, "பொம்பளைக்குச் சண்டையில என்னம்மா வேலை?" என்று கேட்டாராம். "எந்த ராஜா ஜெயிச்சான்னு நீங்க சொல்லுங்க. சிப்பாய்க்கு ஜட்டி பனியன் யாரு குடுத்தான்னு நான் சொல்றேனுங்க" என்றாராம் அக்கா. சபை சிரித்தது. ஆனால் எந்தக் கல்லூரியும் நிரந்தர வேலை கொடுக்கவில்லை. கடைசிவரை தற்காலிக விரிவுரையாளர்தான். மைக் முன்னால் மட்டும்தான் அவர் பேச்சில் யாரும் குறுக்கிடவில்லை.

நாப்தலின் உருண்டை வாசம் வந்தால் எனக்கு இன்னும் சரசுவம்மாவின் மஞ்சள் பைதான் ஞாபகம் வரும். சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர், அப்போது ஐம்பது வயது இருக்கும். நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு ஒருநாள் நிலையத்துக்கே வந்துவிட்டார். அவருடைய அப்பா அறுபத்திரண்டில் சீனச் சண்டைக்குப் போனவர். அப்போது சரசுவம்மா வயிற்றுப்பிள்ளை. உடல் வரவில்லை, முகாமில் விட்டுப்போன டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. மற்ற சாமானெல்லாம் எங்கெங்கோ போய், மிஞ்சியது அந்தப் பையில் இருந்த ஒரு பனியன்.

"கூடப் போனவரு ஒருத்தரு வந்து சொன்னாருங்க. குண்டு படலை, குளிர்ல வெறச்சுப் போயிட்டாருன்னு. எந்த மலை, எந்த எடம், ஒண்ணுந் தெரியாது. நீங்கதான் எல்லாச் சண்டையும் சொல்றீங்களே, எங்கப்பன் எங்க நின்னாருன்னு சொல்லுங்க கண்ணு."

அக்கா பனியனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "தேடிச் சொல்றேனுங்கம்மா. அதுவரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டுமுங்களா?"

சரசுவம்மாவுடைய அப்பாவின் படைப்பிரிவு எந்தக் கணவாயில் நின்றது, எந்த வழியாகப் பின்வாங்கியது என்றெல்லாம் அக்கா மாதக்கணக்கில் தேடினார். இரண்டு வாரமாகப் பிரித்துச் சொல்லலாம் என்று முடிவானது. முதல் வாரம், சிப்பாய்களை என்ன உடுத்தி அனுப்பினார்கள் என்பது. இரண்டாம் வாரம், சரசுவம்மாவின் அப்பா.

முதல் வாரத்துக்கான ஒலிப்பதிவை அக்காவின் தம்பி கம்பெனியில் வைத்துக்கொண்டோம். பின்னணியில் மெஷின் சத்தம் வேண்டும் என்று நான்தான் கேட்டேன், என்னவோ பெரிய கலைஞன் மாதிரி. அக்கா கையில் பனியனை வைத்துக்கொண்டு பேசினார். நூல் எப்படி, பின்னல் எப்படி, இது கோடைக்கு ஆகும், பனிக்கு ஆகாது. "எவ்வளவு கனம்னு பாத்துப்போடலாமுங்க" என்று மைக்கைப் பார்த்தே சொன்னார். கை தன்பாட்டுக்குப் பனியனை மேசையில் விரித்தது. கட்டரை வைத்தது. திருகியது.

வட்டம் கழன்று வந்த பிறகுதான் அக்கா கீழே குனிந்து பார்த்தார்.

"அக்கா! என்னக்கா பண்ணிப்போட்டே!" என்று தம்பி ஓடி வந்தார்.

முழுப் பனியனையும் எடை போட்டு, அளவெடுத்து, கணக்குப் போட்டிருக்கலாம். வெட்டியே இருக்க வேண்டாம். இதை நான் எனக்குள் சொல்லிப் பார்க்காத நாளில்லை. அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

"நூல் குடு, மெண்டிங் பண்ணி ஒட்டிப்போடலாம். தெரியவே தெரியாது" என்றார் தம்பி. அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பதிவை அப்படியே ஒலிபரப்பச் சொன்னார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "இந்தப் பனியனை நான் வெட்டிப்போட்டேனுங்க. வெட்டறதுக்கு எனக்கு உரிமையில்லைங்க."

ஒலிபரப்பான அன்றே சரசுவம்மா வந்தார். அழுவார், திட்டுவார் என்று நினைத்தோம். பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்த வட்டம் வழியாகப் பார்த்தார்.

"எங்கப்பனுக்குக் குண்டே படலைங்க. நீங்கதான் ஓட்டை போட்டீங்க."

மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொடுத்த டீயைத் தொடாமல் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை அக்கா மைக் முன்னால் உட்கார்ந்தார். குறிப்பெல்லாம் தயார். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, பேசலாம் என்று நான் கையைக் காட்டினேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். "பாட்டுப் போடுங்க தம்பி" என்றார். நான் பாட்டுப் போட்டேன். அதற்கப்புறம் அவர் வரவேயில்லை. தன் தம்பியின் கம்பெனியிலேயே பேக்கிங் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் அம்மா மட்டும், "அந்தப் புள்ளைக்குச் சண்டையெல்லாம் தீந்துபோச்சா?" என்று வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் வேலை விஷயமாகச் சாமளாபுரம் போனபோது சரசுவம்மாவைப் பார்த்தேன். கடந்து போய்விடலாம் என்றுதான் பார்த்தேன், அவரே கூப்பிட்டுவிட்டார்.

"ஏந்தம்பி, அந்தக்கா ஏன் அப்புறம் பேசலை?"

"உங்களுக்குக் கோவம்னு..."

"கோவந்தானுங்க, இல்லைன்னு யாரு சொன்னா? பேச வேண்டாம்னு சொன்னனா? எங்கப்பன் எங்க நின்னாருன்னு சொல்றேன்னு பாதியில உட்டுப்போட்டுப் போயிட்டாங்களே. புதன்கெழமையானா தறியை நிறுத்திப்போட்டு உக்காந்தனுங்க. ஒரு வருசம் உக்காந்தேன்."

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே அக்காவுக்கு போன் செய்து அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் பேக்கிங் டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"நேர்ல போய்ச் சொல்லிருங்கக்கா. நானும் வர்றேன்."

"அந்தம்மா மொகத்தப் பாத்துட்டு என்னால முடியாது தம்பி. மைக்குன்னா சொல்லிப்போடுவேன். ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி ஏற்பாடு பண்ண முடியுமா?"

நிலையம் மூடிப் பல நாளாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாதுபோல. இப்போது அந்தக் கட்டடம் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் ஹாஸ்டல். எங்கள் ஒலிப்பதிவு அறையில் அடுக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். கம்பெனிகளிலும் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பாட்டு. சாமளாபுரத்தில் அந்த அலைவரிசையைத் திருப்பினால் இரைச்சல்தான் வரும்.

"பாக்கறேனுங்கக்கா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.