மிதவை விமானத்தின் மூன்றாவது ஆள்

நான் வாட்ச் ரிப்பேர் செய்கிறவன். ஒரு நிமிஷம் முன்பின் ஓடினாலே சண்டைக்கு வருகிறவர்களோடு காலம் தள்ளியவன். அதனால் சொல்கிறேன். இதில் வரும் தேதியும் நேரமும் அன்றன்றைக்கே நோட்டில் குறித்துவைத்தவை. அந்த நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் நேரம் குறித்துவைக்கமாட்டார்கள்.

என் பெயர் ரிஷபதாஸ். சொந்த ஊர் திருப்பருத்திக்குன்றம். 1970-இல் எனக்கு முப்பத்து நான்கு வயது. பெரிய காஞ்சிபுரத்தில் கடை, சின்ன காஞ்சிபுரத்தில் வாடகை வீடு. கீழே நானும் மனைவி சாந்திமதியும் இருந்தோம். மாடியில் ஒரே ஒரு அறை. அதற்குச் சந்துப் பக்கமாகத் தனிப் படிக்கட்டு. பக்கத்து வீட்டில் பஞ்சாட்சரம் தறி போட்டிருந்தார். நடுவில் ஒரு சுவர்தான். பகல் முழுக்க டக்… டக்… என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டு, அது நின்றால்தான் எங்களுக்கு வித்தியாசமாக இருக்கும்.

அந்தப் பொங்கல் கழிந்து சென்னைக்குப் போனபோது, மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்கிற பொம்மை விமானம். யுத்த காலத்தில் ஜப்பான் கடற்படை ஓட்டியது. சக்கரத்துக்குப் பதிலாக, படகுபோல இரண்டு மிதவைகள். கடலில் இறங்கும், கடலிலிருந்தே ஏறும். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரலாம். உண்மையான விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. முடித்தால் இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு சாண்.

பெட்டி பிரிக்கப்படவே இல்லை. ஓரத்தில் மட்டும் ஒரு தண்ணீர்க் கறை.

எனக்கு ஆறு வயதில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் எங்கள் பக்கம் ஓடிவந்தார்கள். நாங்கள் பையன்கள் எல்லாம் ஏரிக்கரையில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு விமானமும் வரவில்லை. அந்த ஏமாற்றம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது போலிருக்கிறது. வாங்கிவிட்டேன்.

என் கடைக்கு அடுத்த கடை அந்தோணியுடையது. மோட்டார் மெக்கானிக். என்னைவிட ஏழு வயது சின்னவன். எஞ்சின் என்றால் உயிர். பெட்டியைக் காட்டினேன். அன்றிலிருந்து அவனுக்கும் அதே நினைப்பு. எங்கள் வரிசைக் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிதோறும் மாடிக்கு வந்துவிடுவான். மற்ற நாட்களிலும் வேலை குறைவாக இருந்தால் வந்து செய்யட்டும் என்று இன்னொரு சாவியை அவனிடமே கொடுத்திருந்தேன்.

பெட்டியில் இருந்தது போதாது என்று நாங்களே நுணுக்கம் சேர்த்தோம். தலைமுடி கனத்துச் செம்புக் கம்பியைச் சுற்றி எஞ்சினுக்கு அந்தோணி வரிவரியாகச் செய்தான். பெண்கள் கட்டும் குட்டி வாட்ச்சின் சக்கரங்களை வைத்து, விமானி எதிரே உள்ள மீட்டர்களை நான் செய்தேன். வானொலிக் கம்பிக்குப் பட்டு நூலில் ஓர் இழையைப் பிரித்துக் கட்டினோம். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

விமானத்தில் உட்காரவைக்கப் பெட்டியில் மூன்று பொம்மை ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் கோதுமை மணியைவிடக் கொஞ்சம் பெரிசு. பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. காலை 7.15-க்கு மூவருக்கும் வண்ணம் தீட்டி, இருக்கையில் ஒட்டிவிட்டுக் கடைக்குப் போனேன்.

மறுநாள் மாலை 5.40. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது ஜைனர்களான எங்கள் வழக்கம். சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனேன்.

கடைசி இருக்கை காலி.

அந்த ஆள் மேஜையின் மறுகோடியில் கிடந்தான். குப்புற.

அந்தப் பசை சாதாரணப் பசை அல்ல. பிளாஸ்டிக்கை உருக்கிப் பிடிக்கும். பிரித்தால் துண்டோடு வரும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இருக்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தோணியைக் கேட்டேன். தான் அந்த வாரம் மாடிப்பக்கமே வரவில்லை என்றான். சரி, பசை சரியாகப் பிடிக்கவில்லை போல என்று திரும்ப ஒட்டினேன்.

மூன்று நாள் கழித்து மறுபடியும் அதேபோல். மேஜையின் மறுகோடி. குப்புற.

அப்புறம் இடதுபக்க மிதவை. அடிப்பக்கத்தில் மூன்று ஓட்டைகள். சூடான ஊசியால் குத்தியதுபோல, ஒரே வரிசையில். சாமர்த்தியமாகத்தான் செய்திருந்தார்கள். குண்டு துளைத்த மாதிரியே இருந்தது. மெழுகு வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசினேன். இரண்டே நாள். அதே மூன்று இடத்தில் திறந்திருந்தது.

சாவி இருப்பது இரண்டு பேரிடம். ஒருவன் நான்.

பிப்ரவரி 25, புதன்கிழமை. மாலை 5.50. விமானத்தின் கீழே மேஜை நனைந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர். மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகிறது. மேலே கூரை ஓட்டைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

காஞ்சிபுரத்திலிருந்து கடல் நாற்பது மைல்.

கீழே வந்தபோது சாந்திமதி கேட்டாள். "மூணு மணிக்கு வந்தீங்களே, கீழ ஏன் வரல? காப்பி போட்டு வெச்சிருந்தேன்."

நான் வரவில்லை என்றேன். மாடியில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டதாகவும், அதனால் நான்தான் என்று நினைத்ததாகவும் சொன்னாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். பத்து நாளாவது இருக்கும் என்றாள்.

பத்து நாள். அவளையும் ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தேன். அவள் அதைக் கண்டுகொண்டாள். ஆறிய காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 5, வியாழக்கிழமை. காலை 8.10. மாடிக் கதவைப் பூட்டி, நிலையில் குறுக்காக ஒரு பட்டு இழையை ஒட்டினேன். அதற்கு முன்பே அறைக்குள் தரை முழுக்க அரிசி மாவைச் சலித்துத் தூவியிருந்தேன். பூனை நடந்தாலும் தெரியும்.

மாலை 5.35-க்கு வந்தேன். இழை அறுபடவில்லை. பூட்டு பூட்டியபடி.

மாவில் காலடி இல்லை.

ஆனால் ஈரச் சொட்டுகள் இருந்தன. வட்ட வட்டமாக. கதவிலிருந்து வரவில்லை, ஜன்னலிலிருந்தும் வரவில்லை. மேஜை ஓரத்தில் என் நாற்காலிக்கு வலப்பக்கம் கிடந்த இரண்டாவது பிரம்பு நாற்காலியைச் சுற்றி மட்டும்.

அந்த ஆள் குப்புறக் கிடந்தான்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போதும் நான் அந்தோணியைத்தான் சந்தேகப்பட்டேன். அவன் கைத்திறன் எனக்குத் தெரியும். இழையைப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருப்பான், வாசலில் நின்றபடி தண்ணீரைத் தெளித்திருப்பான் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். எப்படி என்பதை எல்லாம் யோசித்தேன். எதற்கு என்பதை யோசிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை 10.20-க்கு வந்தான். விமானத்துக்கு முன்சுழலி செய்துகொண்டு வந்திருந்தான். தகரத்தில், மூன்று இதழ்களோடு. ஊதினால் சுற்றும். ஊதிக் காட்டினான்.

நான் நாற்காலியிலிருந்து எழாமலே கேட்டேன். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று. அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. தான் எதையும் தொடவில்லை என்று மூன்று முறை சொன்னான்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"உன்ன மாதிரி ஆளுங்கள வீட்டுக்குள்ள விட்டதே தப்பு."

அவன் மாகறல் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்திலிருந்து படித்து, தொழில் கற்று, கடை போட்டவன். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் சாவியை மேஜையில் வைத்தான். முன்சுழலியையும் வைத்தான். படி இறங்கிப் போனான். அந்த மாதமே கடையைக் காலி செய்துவிட்டான்.

அதன் பிறகும் அது நிற்கவில்லை.

பூட்டை மாற்றினேன். ஆள் குப்புறக் கிடந்தான். ஜன்னலை ஆணி வைத்து அடித்தேன். ஆள் குப்புறக் கிடந்தான். சாந்திமதி பயந்துபோய் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, அந்த சாமானை வெளியே போட்டால்தான் திரும்பி வருவேன் என்றாள்.

மார்ச் 27. வெள்ளிக்கிழமை. யாராக இருந்தாலும் நேருக்கு நேர் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பகல் 2.40. கதவை உள்ளே தாழிட்டேன். மேஜை முன் உட்கார்ந்தேன். காலையில் ஒட்டிய மூவரும் வரிசையாக இருந்தார்கள். அந்தோணி விட்டுப்போன முன்சுழலியையும் விமானத்தின் மூக்கில் மாட்டியிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. டக்… டக்… டக்…

வெளியே சுள்ளென்று வெயில். ஓட்டு இடுக்கில் வந்த வெளிச்சம் மேஜையில் விழுந்திருந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

2.50. ஒன்றுமில்லை.

3.00. ஒன்றுமில்லை.

3.04-க்குத் தறி நின்றது.

பாதி அடியில் நின்றதுபோல இருந்தது. டக்… அப்புறம் அமைதி. தெருச் சத்தமும் இல்லை. காக்காய்ச் சத்தமும் இல்லை.

காற்று இல்லாத அறை. முன்சுழலி மெல்ல அசைந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று…

எனக்கு வலப்பக்கம்…

பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது.

யாரோ உட்காரும்போது பிரம்பு அமுங்குமே… அந்தச் சத்தம்.

திரும்ப முடியவில்லை. கழுத்து மரத்துவிட்டது. கடைக்கண்ணில் நாற்காலி தெரிந்தது. காலி. ஆனால் பிரம்பு குழிந்திருந்தது.

சொட்… என்று தரையில்.

சொட்…

சொட்…

கடல் வாடை.

மூன்றாவது ஆள் அசைந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்தான். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பசை விட்டது.

மேஜையில் விழுந்தான். உருண்டான். விளிம்புவரை போனான்…

குப்புறக் கவிழ்ந்தான்.

என் வலது காதில் மூச்சு.

குளிர்ந்த மூச்சு.

டக். தறி ஓடத் தொடங்கியது. மணி பார்த்தேன். 3.19. எப்படித் தாழைத் திறந்தேன், எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. பஞ்சாட்சரத்தின் வாசலில் போய் நின்றேன். நடுவில் ஏன் தறியை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். சாப்பிட்டு உட்கார்ந்ததிலிருந்து நிறுத்தவே இல்லை என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ். விமானத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போனேன். 9.25-க்கு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். மூன்றாவது ஆளை முதலில் கடலில் போட்டேன். பிறகு விமானத்தை மிதக்கவிட்டேன். அலை எல்லாவற்றையும் கரைக்குத்தான் தள்ளும். அது மட்டும் உள்ளே போனது. அலையின் மேல் ஏறி இறங்கி, நேராக. கண்ணுக்குத் தெரிந்தவரை பார்த்துவிட்டு வந்தேன்.

சாந்திமதி திரும்பி வந்தாள். மாடியில் அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

அந்தோணியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. செங்கல்பட்டில் கடை வைத்திருக்கிறான் என்று தெரிந்தும் போகக் கூசியது. 1976, ஆகஸ்ட் 17. பகல் 11.45. போய் நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். டீ சொன்னான். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மாவு, தண்ணீர், நாற்காலி எதையும் சொல்லவில்லை. தப்பு உன்மேல் இல்லை, நான் பேசியது பாவம் என்று மட்டும் சொன்னேன்.

அவன் டீக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லண்ணா. அப்பவே இல்ல. அவர் மேலதான்."

"யார் மேல?"

"உங்க பக்கத்துல உட்கார்ந்துக்கினு இருப்பாரே. உங்க சொந்தக்காரரு."

அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் தலையைத் தூக்காமல் தொடர்ந்தான். பெட்டியைப் பிரித்த முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் அங்கே இருந்தாராம். எப்போதும் தலை ஈரமாக இருக்குமாம். இப்போதுதான் குளித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தானாம். அவனைப் பார்க்கமாட்டார், பேசமாட்டார். நானும் அவரை அவனுக்கு அறிமுகம் செய்யவில்லை. அவன் இன்ன குடும்பம் என்று தெரிந்துதான் பேசாமல் இருக்கிறார் என்று எண்ணி, அவர் பக்கமே போகாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்துகொள்வானாம்.

"கடைசி நாள்கூட நீங்க என்னத் திட்டணும்னு நெனைக்கலண்ணா. உங்க மொகம் எனக்குத் தெரியாதா?" என்றான். "அவருதான் குனிஞ்சி உங்க காதுல ஏதோ சொன்னாரு. அதுக்கப்புறந்தான் நீங்க அந்த வார்த்தையச் சொன்னீங்க."