ஹலினா அன்ரி வைத்த காலித் தட்டு

நேற்று, ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில், எங்கள் வீட்டு அடுப்பில் பீட்ரூட் வெந்துகொண்டிருந்தது. மனைவி கறிக்குத்தான் வைத்தாள். எனக்கோ அந்த மணம் வந்ததும் ஹலினா அன்ரியின் நினைவு வந்துவிட்டது. கனடா வந்த புதிதில், ரொறன்ரோவின் மேற்கே போலந்துக்காரர் நிறைந்த ஒரு தெருவில், அவருடைய வீட்டு பேஸ்மென்டில்தான் நான் வாடகைக்கு இருந்தேன்.

அந்தத் தெருக்காரரோடு பழகக் கொஞ்சக் காலம் எடுத்தது. எதிரே கண்டால் சிரிக்கமாட்டார்கள். நானோ காண்கிறவருக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு திரிவேன். வெளியே நின்றபடி கை நீட்டினால் அன்ரி பதறிப்போவார். வாசற்படிக்கு மேலால் கை கொடுக்கக் கூடாதாம். ஒரு பேச்சுக்குச் சுகம் விசாரித்தால் முழங்கால் வலியில் தொடங்கி விலாவாரியாகச் சொல்வார். அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கட ஆட்களும் அப்படித்தானே!

யேசு பிறந்த நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் என் ஹீற்றர் நின்றுவிட்டது. விறைத்துப்போய் மேலே ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. அன்ரியும் மகளும் மட்டும்தான் இருந்தார்கள். ஆனால் தட்டு மூன்று. சுவரில், அந்த வருஷம் இறந்துபோன அங்கிளின் படம். அன்ரி முகம் மலர்ந்து, என் கையைப் பிடித்திழுத்து, அந்த மூன்றாவது தட்டின் முன்னால் இருத்தப் பார்த்தார்.

அங்கிளுக்கல்லவா படைத்திருக்கிறார்கள்! செத்தவருக்குப் படைத்த இலையில் யாராவது போய்க் குந்துவார்களா?

"ஐயோ, வேண்டாம் அன்ரி, அது அங்கிளுக்கு வச்சது" என்று பின்வாங்கினேன்.

அன்ரியின் கண் கலங்கிவிட்டது. மகள்தான் விளக்கினார். அவர் பேசிய ஆங்கிலம் என் நினைவில் எங்கள் பேச்சாகவே இருக்கிறது.

"சொல்லாமக் கொள்ளாம வாற ஆளுக்கெண்டு அம்மா ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு தட்டு வைப்பா. எங்கட ஊரில எல்லா வீட்டிலயும் வைப்பினம். கனடாவுக்கு வந்த நாள் தொட்டு ஒருத்தரும் வரேல்லை. இண்டைக்குத்தான் கதவு தட்டிக் கேட்டது. நீங்களும் போகப்போறியளே?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தத் தட்டின் முன்னால் குந்தினேன். பீட்ரூட் சூப் அருமை. பிறகு வந்தது, வெங்காயத்தோடு உப்பில் ஊறிய, அடுப்பையே காணாத மீன். மிளகாய்த் தூளுமில்லை, புளியுமில்லை! மூச்சைப் பிடித்து விழுங்கினேன். "நல்லாயிருக்கோ?" என்று அன்ரி கேட்க, "ஓம்" என்றதுதான் பிழை, இன்னும் இரண்டு துண்டு வந்து விழுந்தது. அன்ரி தான் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியொரு சந்தோஷத்தை நான் எந்த முகத்திலும் கண்டதில்லை. ஹீற்றர் விஷயம் எல்லோருக்கும் மறந்தே போயிற்று.

அடுத்த நத்தாருக்கு நானாகவே மேலே போய், அந்தக் காலித் தட்டின் முன்னால் உரிமையோடு குந்தப் போனேன். அன்ரி தோளில் தட்டி எழுப்பினார்.

"உது ஆரும் வந்தால் அவைக்கு. நீ வீட்டு ஆள். உன்ர தட்டு இஞ்ச இருக்கு."

அன்ரி இப்போது இல்லை. மகள் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். என் சொந்தத் தம்பி, அரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் மல்வேர்னிலிருந்து வருவதென்றாலும் முதலில் மெசேஜ் போட்டு, நான் ஓம் என்ற பிறகுதான் காரை எடுக்கிறான். நானும் அப்படித்தான். சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தட்ட எனக்கு இந்த நாட்டில் இருந்தது அந்த ஒரு கதவுதான்.